நடுவில் வந்து கேட்பவர்

நான் வேலை பார்த்த வானொலி நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் ஒரு பயிற்சிக் கையேடு தயாரிக்கிறார்கள். எந்த ஊடகம் மக்களிடம் எப்படிப் பேசுகிறது என்று நான் அதில் எழுதித் தர வேண்டுமாம். இந்த விஷயத்தில் நான் படித்ததெல்லாம் தடித்தடியாக அலமாரியில் நிற்கிறது. எல்லாவற்றிலும் ஒரே படம்தான். ஒரு கட்டத்துக்குள் பேசுபவர், இன்னொரு கட்டத்துக்குள் கேட்பவர், இடையில் ஓர் அம்பு. அந்த அம்பு போய் யார் முதுகில் குத்தும் என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.

ஆகவே எனக்கு நன்றாகத் தெரிந்ததை எழுதுகிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்தது பயம். எல்லாருக்கும் முதல்நாள் மைக்கைப் பார்த்தால் பயமாக இருக்கும், போகப்போகப் பழகிவிடும். எனக்கு முதல்நாள் ஒரு பயமும் இல்லை. நன்றாகப் பழகி, பதினெட்டு வருஷம் பேசித் தீர்த்த பிறகு வந்தது. இப்போதும் கல்யாண மண்டபத்தில் யாராவது மைக்கை நீட்டி ‘சார், நாலு வார்த்தை’ என்றால் பந்தியைப் பார்த்து நகர்ந்துவிடுகிறேன். பசி என்று நினைத்துக்கொள்கிறார்கள். நினைக்கட்டும்.

வானொலிக்கு முந்தைய கதையைச் சுருக்கிவிடுகிறேன். ஒரு சாயங்காலப் பேப்பருக்கு மரக்காணம் வட்டாரப் பகுதிநேர நிருபராக இருந்தேன். பேப்பரில் ஒரு சௌகரியம். வாசகர் புரியாவிட்டால் மறுபடி மேலே போய்ப் படிப்பார். அப்போதும் புரியாவிட்டால் தன் அறிவைச் சந்தேகப்படுவாரே தவிர என் வாக்கியத்தைச் சந்தேகப்பட மாட்டார். அப்புறம் ஒரு வருஷம் உள்ளூர் கேபிளில் செய்தி வாசித்தேன். மக்கள் சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பார்கள். சந்தையில் ஓர் அம்மா என்னை நிறுத்தி, போன வாரம் போட்டிருந்த ஊதாச் சட்டை எனக்கு எடுப்பாக இல்லை என்றார். ஒரு வருஷ உழைப்புக்கு நேயரிடமிருந்து வந்த ஒரே விமரிசனம் அதுதான். நியாயமான விமரிசனமும்கூட.

இடையில் காதர் பாயின் ஆட்டோவுக்கும் எழுதிக் கொடுத்தேன். மேலே இரண்டு ஒலிபெருக்கிக் குழாய் கட்டிய ஆட்டோ. ஜவுளிக்கடைத் தள்ளுபடி, வெங்காய வியாபாரம், கரண்ட் நிறுத்தம், கண் முகாம், எல்லாம் அதில்தான் போகும். முதல் தடவை நான் மூன்று பத்தி எழுதிக் கொடுத்தேன். பீடிகையெல்லாம் பிரமாதமாக வந்திருந்தது. காதர் பாய் பொறுமையாகப் படித்துவிட்டுச் சொன்னார்:

“சார், நான் ஓட்டிக்கினே போறேன். ஒரு வூட்டுக்கு ஒரு வாக்கியம்தான் உளும். அந்த ஒண்ணு அந்த வூட்டுக்கு முழுசா இருக்கணும். உங்க மொத வாக்கியம் முதலியார்சாவடில உளுந்தா கடைசி வாக்கியம் கீழ்புத்துப்பட்டுல உளும். ரெண்டு ஊர்க்காரனும் சேந்து உக்காந்து பேசினாத்தான் கண் முகாம் எங்கன்னு தெரியும்.”

பட்டம் கொடுக்காத பாடம் என்று சிரித்துவிட்டு வந்துவிட்டேன். சிரித்ததோடு சரி.

பிறகு வானொலி. ஓர் அறக்கட்டளை நடத்திய சின்ன சமுதாய வானொலி. எங்கள் அலை வடக்கே உப்பளங்களைத் தாண்டி நாலைந்து ஊர் போகும். தெற்கே கீழ்புத்துப்பட்டுக்கு அப்பால் எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் போட்ட சத்தம்தான் கேட்கும். நிகழ்ச்சிப் பொறுப்பாளர் எஸ்தர் மேடம். பெரிய வானொலியில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்தவர். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி, கையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில். திட்டவே மாட்டார். “மறுபடி” என்பார். அந்த ஒரு சொல்லை அவர் எப்படிச் சொல்கிறார் என்பதை வைத்து நாம் எவ்வளவு மோசம் என்று தெரிந்துகொள்ளலாம். ஒருமுறை ஒரே அறிவிப்புக்கு எனக்குப் பதினோரு மறுபடி கிடைத்தது. பதினோராவது மறுபடி கிட்டத்தட்ட அன்பாகவே இருந்தது.

அவரிடம் ஒரு வழக்கம். நாங்கள் அதைக் கதவுச் சோதனை என்போம். ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்து முடித்ததும் மேடம் ஸ்டுடியோவை விட்டு வெளியே போய்விடுவார். கதவைச் சாத்திக்கொள்வார். நாங்கள் பதிவை ஓடவிட வேண்டும். தன் இஷ்டத்துக்கு ஏதோ ஒரு நொடியில் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவார். சரியாகப் பத்து விநாடி நின்று கேட்பார். “நிறுத்துங்க” என்பார். பிறகு கேள்வி.

“நான் இப்பதான் அடுப்பை அணைச்சிட்டு உள்ள வரேன். இதுக்கு முன்னாடி நீங்க சொன்னது எனக்குத் தெரியாது. இதைக் கேட்டதும் நான் என்ன செய்வேன்?”

என்ன நினைப்பேன் என்று கேட்க மாட்டார். என்ன செய்வேன் என்றுதான் கேட்பார். மூன்று தடவை வெவ்வேறு இடத்தில் கதவைத் திறப்பார். மூன்று தடவையும் தப்பாக எதுவும் செய்ய மாட்டார் என்று நாங்கள் நிரூபித்தால்தான் அந்த நிகழ்ச்சி காற்றில் போகும். ரேடியோவை யாரும் முதல் வரியிலிருந்து கேட்பதில்லை, எல்லாரும் நடுவில் வந்து கேட்பவர்கள்தான் என்பது அவர் கட்சி. கையில் வேலை இருக்கும், காதை மட்டும் நம்மிடம் கடனாகக் கொடுத்திருப்பார்கள், அதை வாங்கின மாதிரியே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பார். பருத்தி விளைச்சல் பற்றிய பேட்டிக்குக்கூடக் கதவைத் திறந்து சோதித்தார். பருத்தியைக் கேட்டு யார் என்ன தப்புச் செய்துவிடப் போகிறார்கள் என்று நாங்கள் கேண்டீனில் கேலி பேசுவோம். கேலியில் என் பங்குதான் அதிகம்.

தினமும் காலை ஆறரைக்கு நான் கடல் நிலவரம் வாசித்தேன். அலை உயரம், காற்றின் வேகம், போகலாமா கூடாதா. வருஷக்கணக்கில் ஒரே குரல், ஒரே நேரம், ஒரே ஏற்ற இறக்கம். நான் போகாதே என்று சொன்ன நாளில் கரையில் ஒரு படகும் நகராது. இது என் திறமை என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். வானிலை அலுவலகம் அனுப்பியதை நான் வாசித்தேன், அவ்வளவுதான்.

என்னோடு செல்வி என்ற பெண் வேலை பார்த்தாள். மீனவர் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள், தன்னார்வலராகச் சேர்ந்து அறிவிப்பாளர் ஆனவள். அவளுடைய அம்மா பச்சையம்மா உப்பளத்தில் உப்பு வாருகிறவர். பாத்தி ஓரத்துக் கொட்டகையில் கையளவு ரேடியோ ஒன்று தொங்கும். மகள் நிகழ்ச்சி முடிந்து அம்மா வீட்டுக்குப் போனால் நன்றாக இருந்தது என்றெல்லாம் அந்த அம்மா சொல்ல மாட்டாராம். மூக்கடைப்பா, கஷாயம் வைக்கவா என்பாராம். மகள் தும்முவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். அவ்வளவு காது.

இனி அந்த நாள்.

மழைக்காலத்துக்கு முன்னால் பேரிடர் ஒத்திகை நடத்துவது வழக்கம். அந்த வருஷம் கடல் உள்ளே வந்தால் என்ன செய்வது என்று ஒரு வானொலி நாடகம் செய்யலாமே என்று நான்தான் யோசனை சொன்னேன். எஸ்தர் மேடம் எங்களிடமிருந்தும் ஓய்வு பெற்று மகளோடு பெங்களூர் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவர் நாற்காலியில் நான். சிவப்புப் பென்சிலையும் விட்டுவிட்டுப் போயிருந்தார். அதை நான் காது குடைய வைத்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு நிமிஷ நாடகம். தொடக்கத்தில் ‘இது ஒத்திகை’, முடிவில் ‘இது ஒத்திகை’. நடுவில் என் கலை. நானே அறிவிப்பாளராக, அந்த ஆறரை மணிக் குரலிலேயே வருவேன். ‘கடல் ஊருக்குள் வருகிறது. உப்பளத்தில் இருப்பவர்கள் உடனே மேற்கே ரோட்டுக்கு ஓடுங்கள்.’ பின்னால் அலைச் சத்தம். அதற்குள்ளிருந்து செல்வியின் குரல்: ‘அம்மா, தண்ணி தலைக்கு மேல வருதும்மா.’

பதிவுக்கு முன் செல்வி கேட்டாள், நடுவிலும் இரண்டு இடத்தில் ஒத்திகை என்று சொல்லிவிடலாமா சார் என்று. நாடகத்தின் நடுவில் போய் யாராவது இது நாடகம் என்று சொல்வார்களா என்று நான் கேட்டேன். கதவுச் சோதனை பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நினைவு வந்தது. அது எனக்கு ஒரு அவமானம் போலத் தோன்றியது. பருத்திப் பேட்டிக்குச் செய்வதை இதற்குச் செய்வதா?

செல்வி ஒரே தடவையில் அந்த வரியைச் சொன்னாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கை மயிர் நின்றது. நான் எழுந்து நின்று கைதட்டினேன்.

மூன்று நாள் முன்னறிவிப்பு செய்து, ஒரு காலை பத்து மணிக்கு ஒலிபரப்பினோம். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். ஒரு கல்லூரிப் பேராசிரியர் நடுவிலேயே செய்தி அனுப்பிப் பாராட்டினார். எங்கள் நேயர் ஒருவர்கூட ஓடவில்லை. இது முக்கியம். ஓடியவர்கள் அன்றைக்கு எங்களைக் கேட்கவே இல்லை. அவர்கள் பாத்தியில் இருந்தார்கள், கொட்டகை ரேடியோ அங்கே எட்டாது.

உப்பு லோடு ஏற்ற வெளியூரிலிருந்து வழக்கமாக வரும் ஒரு லாரி டிரைவர் ரோட்டோரம் டீ குடிக்க இறங்கியிருக்கிறார். கடையில் ரேடியோ. அவர் உள்ளே நுழைந்தது நாடகத்தின் ஏழாவது நிமிஷத்தில். கடைக்காரர் பின்பக்கம் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். கேட்க ஆள் இல்லை. டிரைவர் நல்ல மனிதர். தான் மட்டும் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைக்காமல் கைபேசியை ரேடியோவுக்குப் பக்கத்தில் பிடித்து முப்பத்தெட்டு விநாடி பதிவு செய்து, உப்பளத்து மேஸ்திரிகளும் லோடுமேன்களும் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். என் குரலும் செல்வியின் குரலும் அலையும் அதில் இருந்தன. ஒத்திகை என்ற சொல் இல்லை.

பேப்பரில் வந்தால் எந்தப் பேப்பர் என்று கேட்பார்கள். டிவியில் வந்தால் எந்தச் சேனல் என்பார்கள். வாட்ஸ்அப்பில் வந்தால் யார் அனுப்பினது என்று மட்டும் பார்ப்பார்கள். அனுப்பியது நன்றாகப் பழகிய டிரைவர். பேசுவது தினம் காலையில் கேட்கும் குரல். இரண்டு நம்பிக்கையும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டால் நடுவில் சந்தேகம் நிற்க இடம் ஏது?

பத்தே கால் மணிக்கு என் கைபேசி அடித்தது. உப்பளத்து மேஸ்திரி ஏழுமலை. அவருக்கு மூச்சு வாங்கியது. நாடகம் பிடித்துப்போய்க் கூப்பிடுகிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே எடுத்தேன்.

“சார், மொத்தம் எத்தினி அலை சார் வரும்?”

அந்தக் கேள்வி எனக்குப் புரிவதற்குச் சில விநாடி ஆயிற்று. அலையே இல்லை ஏழுமலை, அது நாடகம் என்றேன். நீங்கதான சார் சொன்னீங்க என்றார். அவருக்குப் பின்னால் ஆட்கள் ஓடும் சத்தம். ரப்பர் பூட்ஸ் சேற்றில் ஓடினால் ஒரு மாதிரி சத்தம் வரும். அது என் நாடகத்தில் இல்லாத சத்தம். லைன் அறுந்தது.

நான் செய்த அடுத்த புத்திசாலித்தனம் ஸ்டுடியோவுக்குள் ஓடி நேரலையில் பேசியது. ‘யாரும் பயப்பட வேண்டாம், கடல் அமைதியாக இருக்கிறது.’ பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாக என் குரல் நடுங்கியது. பயப்பட வேண்டாம் என்று நடுங்கும் குரலில் சொல்வதைவிடப் பயமுறுத்த வேறு நல்ல வழி எனக்குத் தெரியாது. இதுவரை பயப்படாமல் இருந்த நேயர்களும் வாசலுக்கு வந்து கிழக்கே பார்த்தார்களாம்.

செல்வி அவள் அம்மாவுக்கு அடித்துக்கொண்டே இருந்தாள். பச்சையம்மா கைபேசியைத் தூக்குவாளியோடு கொட்டகையில் வைத்துவிட்டுத்தான் பாத்தியில் இறங்குவார். மணி போய்க்கொண்டே இருந்தது.

காதர் பாயைக் கூப்பிட்டேன். ஆட்டோவோடு ஐந்து நிமிஷத்தில் வந்தார். நானும் செல்வியும் ஏறிக்கொண்டோம்.

ரோட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். உப்பளத்து ஆட்கள் அத்தனை பேரும் ஈசிஆர் ஓரமாக வரிசையாக நின்றார்கள். முழங்கால் வரை உப்புச் சேறு. சிலர் கையிலிருந்த, உப்பு வாரும் வாருபலகையைக்கூடக் கீழே போடவில்லை. ஓர் அம்மா ஒரு காலில் மட்டும் பூட்ஸ் போட்டிருந்தார். எல்லாரும் கிழக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைப் பாத்திகள், அதற்கப்பால் கால்வாய், அதற்கப்பால் பனை, அதற்கப்பால் வானம். வெயில் சுள்ளென்று அடித்தது. எதுவும் வரவில்லை. எதுவும் வராததையே அவ்வளவு பேரும் அப்படிப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டபோது, சத்தியமாகச் சொல்கிறேன், நானும் திரும்பிக் கிழக்கே பார்த்தேன். அந்த வசனத்தை எழுதினவன் நான்.

மைக்கை எடுக்கப் போனேன். காதர் பாய் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“நீங்க பேசாதீங்க சார். உங்க கொரலு கேட்டா இன்னும் மேற்கால ஓடுவாங்க.”

“அப்போ நீங்க பேசுங்க பாய்.”

“நானும் பேசல.”

அவர் ஒரு பட்டனைத் தட்டினார். இரண்டு குழாயிலும் தினசரி அலறும் பதிவு கிளம்பியது. வெங்காயம், வெங்காயம், நாசிக் வெங்காயம், வாங்கம்மா வாங்க, பெரிய பெரிய வெங்காயம். ஆட்டோ நடந்துபோகிற வேகத்தில் அந்த வரிசையைக் கடந்தது. முதலில் நாலு பேர் திரும்பினார்கள். பிறகு ஒரு பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “ஏம்பா, கடலு வந்தா எவனாவது வெங்காயம் விப்பானா?” என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். யாரோ சிரித்தார். வரிசை கலைந்து உட்கார ஆரம்பித்தது. ஊடகங்களைப் பற்றி என் அலமாரியில் இருக்கும் அத்தனை புத்தகத்தையும் ஒரு வெங்காயப் பதிவுக்கு ஈடாகக் கொடுத்துவிடலாம் என்று அப்போது தோன்றியது. சமாதானமாகி நானும் சிரிக்கத் தொடங்கினேன்.

அப்போதுதான் ஏழுமலை ஆட்களை எண்ணிவிட்டு வந்தார். ஒரு ஆள் குறைந்தது. செல்வியைப் பார்த்ததும் அவர் பேச்சு இழுத்தது.

“பச்சையம்மா ரோட்டுக்கு வர்ல சார். என் ஃபோன்ல பொண்ணு கொரலு கேட்டுச்சி. பலகைய உட்டுட்டு கெழக்கால ஓடிச்சி. எல்லாரும் இழுத்துப் பாத்தாங்க. நிக்கல.”

கிழக்கே செல்வி வாழ்க்கைப்பட்ட குப்பம். அந்த நேரத்தில் மகள் அங்கேதான் இருப்பாள் என்று நினைத்திருக்கிறார். குப்பத்துக்கும் உப்பளத்துக்கும் இடையில் பக்கிங்காம் கால்வாய். பாலம் வடக்கே நெடுந்தூரம் தள்ளி. தண்ணீர் தலைக்கு மேல் வருகிறது என்று மகள் கத்தினால் எந்த அம்மா பாலத்தைத் தேடிப் போவாள்? நான் மேற்கே ஓடச் சொன்னேன். எல்லாரும் மேற்கே ஓடினார்கள். அதே பதிவில் நான் வைத்த ஓர் அலறல் ஒருத்தரை மட்டும் கிழக்கே இழுத்தது. ஒரே முப்பத்தெட்டு விநாடி. இரண்டு திசை.

லாரித் தடம் முடியும் வரை ஆட்டோ போனது. காதர் பாய் வெங்காயத்தை நிறுத்தினார். ஏழுமலையும் இன்னும் இரண்டு பேரும் வரப்பில் முன்னால் ஓடினார்கள். செல்வி என்னைத் திரும்பிப் பார்க்காமல் அவர்கள் பின்னால் ஓடினாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ பரவாயில்லாமல் இருந்திருக்கும்.

கால்வாய் தெரிந்தது. நடுவில் ஒரு தலை. சும்மாடு கட்டிய துணியோடு, மார்புக்கு மேல் தண்ணீரில் பச்சையம்மா நின்றுகொண்டிருந்தார். நின்றார் என்பது தப்பு. அங்கே அடியில் சேறு, கால் வைத்தால் விடாது. ஒரு காலைப் பிடுங்கி முன்னால் வைப்பார், மற்றக் கால் இன்னும் உள்ளே போகும். முகம் குப்பத்துப் பக்கம். எங்களை அவர் பார்க்கவில்லை. ஒவ்வோர் அடிக்கும் தண்ணீர் கழுத்தை நோக்கி ஏறியது.

செல்வி திரும்பி ஆட்டோவுக்கு ஓடினாள், மைக்கைப் பிடுங்கி “அம்மா” என்று கத்தினாள். இரண்டு குழாயும் அதைப் பெரிதாக்கி, கால்வாய்க்கு மேலே, பனைகளுக்கு மேலே, நாலு பக்கமும் எறிந்தன. பச்சையம்மாவுக்குக் கேட்டது. தலை வெடுக்கென்று நிமிர்ந்தது. இரண்டு கையாலும் தண்ணீரை விலக்கிக்கொண்டு இன்னும் வேகமாகக் கிழக்கே போனார். தாடை நனைந்தது.

“அம்மா,” என்றாள் செல்வி மறுபடியும். அவர் இன்னும் ஓரடி போனார்.

காதர் பாய் மைக் ஒயரைப் பிடுங்கி எறிந்தார்.

“மைக்கு வேணாம்மா. கரைக்குப் போயி வாயால கூப்புடு.”

அவள் வரப்பு முனைக்கு ஓடி, மண்டி போட்டு, வெறும் தொண்டையால் கூப்பிட்டாள். பாதிக்கூடப் பெரிதாக இல்லை. அதுவும் உடைந்த குரல். பச்சையம்மா நின்றார். கொஞ்ச நேரம் அசையவே இல்லை. பிறகு கழுத்தை மட்டும் திருப்பினார். மேற்கே, சரியாக அவள் இருந்த இடத்துக்கு.

பின்னால் ஒரு நாள் இதை அவரிடம் கேட்டேன். மைக்கில் வந்தால் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியவில்லை, எல்லாப் பக்கமும் மகள் முழுகுகிற மாதிரி இருந்தது என்றார். வாயால் கூப்பிட்டபோது ஒரு பக்கத்திலிருந்து வந்தது. அவ்வளவுதான் காரணம்.

ஏழுமலையும் மற்ற இருவரும் வாருபலகைகளைக் கயிற்றால் இணைத்துக் கட்டி நீட்டி, சேற்றிலிருந்து அவரைப் பிடுங்கி எடுக்க ரொம்ப நேரம் ஆனது. நான் கரையில் நின்று பார்த்தேன். என்னால் ஆகக்கூடியது அதுதான். மேலே வந்ததும் பச்சையம்மா மகளை அடிக்கவில்லை, கட்டிக்கொள்ளவில்லை. சேற்றுக் கையை அவள் கூந்தலுக்குள் விட்டுத் தடவித் தடவிப் பார்த்தார்.

“தல காஞ்சி கெடக்குதே,” என்றார். “காஞ்சி கெடக்குதே.”

அன்று பிற்பகல் எஸ்தர் மேடத்துக்கு ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். மறுபடி என்று சொல்வார், எங்கேயாவது திட்டுவார் என்று காத்திருந்தேன். “கதவத் திறந்து பாத்தீங்களா?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். மறுபடி என்று அவர் சொல்லவில்லை.

விசாரணை என்று ஒன்று நடந்தது. முன்னறிவிப்பு செய்திருக்கிறோம், தொடக்கத்திலும் முடிவிலும் சொல்லியிருக்கிறோம், நிலையத்தின் மேல் தவறில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் காகிதத்தை நான் வாங்கிப் படித்தேன். நல்ல தமிழ். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வரிசையாகப் படிப்பவருக்கு அதில் ஒரு குறையும் தெரியாது.

ஒரு வாரம் கழித்து பச்சையம்மா எங்கள் நிலையத்துக்கு வந்தார். அதுவரை அவர் வந்ததே இல்லை. அவர் கொட்டகை ரேடியோவை அணைத்துவிட்டார் என்று செல்வி சொல்லியிருந்தாள். மகள் அம்மா வீட்டுக்குப் போய் அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டாலும் வந்து முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் என்ன என்று கேட்கிறாராம். சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். தயாராக இருந்தேன், சொல்லப்போனால் எதிர்பார்த்தேன்.

“நீதான் அந்தக் கொரலா?” என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். ஏமாற்றம் தெரிந்தது. எல்லாருக்கும் அப்படித்தான்.

மன்னிப்புக் கேட்டேன். கையை அசைத்துவிட்டு, எந்த இடத்தில் உட்கார்ந்து கத்தினாள் என்று கேட்டார். ஸ்டுடியோவுக்குள் கூட்டிக்கொண்டு போனோம். சுவரில் ஒட்டிய பஞ்சுப் பலகையைத் தொட்டுப் பார்த்தார். மேஜைக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

“செல்வி, அதே மாரி கத்து. நான் பாக்கணும்.”

செல்வி மாட்டேன் என்றாள். அம்மா விடவில்லை. தூக்கத்திலும் அந்தச் சத்தம் வருகிறது, முகம் தெரியாமல் சத்தம் மட்டும் வருகிறது, ஒரு தரம் முகத்தோடு பார்த்துவிட்டால் போய்விடும் என்றார். எனக்கு அது நியாயமாகப் பட்டது. நான் படித்தவன் இல்லையா. பொம்மையைப் பிரித்துக் காட்டினால் பயம் போய்விடும் என்று எனக்கும் ஒரு நம்பிக்கை. செய்து காட்டும்மா என்று நானும் சொன்னேன்.

செல்வி மைக்குக்கு முன் உட்கார்ந்தாள். அம்மா எதிரில், இரண்டு அடி தூரத்தில், கண் கொட்டாமல். செல்வி ஒரு முறை மூச்சை இழுத்துவிட்டாள்.

“அம்மா, தண்ணி தலைக்கு மேல வருதும்மா.”

அன்றைக்குச் சொன்ன மாதிரி இல்லை. ரொம்ப மெதுவாக, கூச்சத்தோடு, கிட்டத்தட்ட வாசிக்கிற மாதிரிதான் சொன்னாள். ஆனால் அவள் சொல்லி முடிப்பதற்குள் பச்சையம்மா எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. மேஜைக்கு மேல் எட்டி மகளின் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். உலர்ந்த தலையோடு, கண்ணெதிரே உட்கார்ந்திருக்கும் மகளை, எங்கிருந்தோ வெளியே இழுப்பது போல இழுத்தார். பிடித்த பிடியை விடவில்லை.

“அத நிறுத்துப்பா,” என்றார் என்னிடம், மைக்கைக் காட்டி. “மொதல்ல அத நிறுத்து.”

அது ஓடிக்கொண்டிருக்கவே இல்லை. நான் எட்டி, அணைந்திருந்த பட்டனை அவர் பார்க்கும்படி இன்னொரு தரம் அணைத்தேன்.